சின்ன நாய்க்குக் கடிக்க எதைக் கொடுப்பது?

பெட் ஷாப்பில் "சின்ன நாய்க்குக் கடிக்க ஏதாவது கொடுங்க" என்றால், லாப்ரடாருக்குக் கொடுக்கும் அதே சரக்கின் குட்டி வடிவத்தைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுவார்கள். நீளம் குறைந்திருக்கும், கடினம் குறைந்திருக்காது. சின்ன நாய்க்கு இதில் எதிரெதிரான இரண்டு ஆபத்துகள். கடினமான பொருள் பல்லைப் பிளக்கும். சிறிய பொருள் முழுசாகத் தொண்டைக்குள் போகும். பல சமயம் ஒரே பொருளே இரண்டையும் செய்யும்.

சின்ன நாய் என்று இங்கே சொல்வது 2 முதல் 10 கிலோ வரை உள்ளவற்றை: பொமரேனியன், இந்தியன் ஸ்பிட்ஸ், ஷிட்ஸூ, பக், டாஷ்ஹண்ட், மினியேச்சர் பின்ஷர், சிவாவா, மால்டீஸ். பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்கள்தான் இவற்றுக்கும். அத்தனையும் ஒரு சின்னத் தாடையில் நெருக்கியடித்து நிற்பதால், இடுக்குகளில் அழுக்குப் படிந்து காரை கட்டுவதும் ஈறு கெடுவதும் இந்த ரகங்களில்தான் அதிகம். அதனால் மெல்ல ஏதாவது கொடுப்பது தேவைதான்; வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பல்லுக்காக என்றால் மென்மையான டென்டல் ஸ்டிக். பொழுது போக என்றால் உள்ளே சாப்பாடு அடைக்கக்கூடிய ரப்பர் பொம்மை. பழக்கும்போது கொடுக்க, வேகவைத்த கோழியின் பட்டாணி அளவுத் துண்டு. சும்மா கொறிக்க கேரட். ராஹைட் (மாட்டுத்தோலில் செய்த கடிபொருள்), வேகவைத்த எலும்பு, மான் கொம்பு, குளம்பு ஆகிய நான்கும் சின்ன நாய் உள்ள வீட்டுக்கு வேண்டாம். சுர்பி (காய்ந்த கட்டிப் பாலாடை), புல்லி ஸ்டிக் (காயவைத்த மாட்டு உறுப்பு) போன்றவை நடுவில் நிற்கின்றன. அவை ஒத்துப்போகுமா என்பதை உங்கள் நாய் சாப்பிடும் விதம்தான் தீர்மானிக்கும்.

கொறிக்கிற நாயா, விழுங்குகிற நாயா

கடைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விரல் நீளத்துக்கு ஒரு கேரட் குச்சியை எடுத்து, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கொடுங்கள். பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லில் வைத்து, துணுக்குத் துணுக்காக நொறுக்கினால் அது கொறிக்கிற நாய். முன்பக்கமாக இழுத்துப் பறிக்கப் பார்த்தாலோ, ஒடிந்த துண்டை மெல்லாமல் தலையை உயர்த்தி உள்ளே தள்ளினாலோ விழுங்குகிற நாய். தனியாக இருக்கும்போது நிதானமாகக் கொறிக்கும் நாய்கூட, வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் போட்டிக்கு விழுங்கும். அதனால் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

விழுங்குகிற நாய்க்கு "சின்ன நாய்களுக்கு" என்று அச்சிட்ட சிறிய துண்டுகள் கூடவே கூடாது. அதன் மூக்கு முதல் பின்தாடை வரை உள்ள நீளத்தைவிட நீளமான பொருளாக வாங்கி, ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். மென்று 3 சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் நாயிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள். துரத்திப் பிடுங்கினால் பறிபோகிறதே என்று அவசரத்தில் விழுங்கிவிடும். ஒரு கோழித் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்வதே வழி.

கடினத்துக்கு ஒரு சோதனை உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்தப் பொருள் பல்லைவிடக் கடினம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் முழங்காலில் தட்டிப் பார்த்து வலித்தால் அதையும் வாங்க வேண்டாம். நாயின் பல் எனாமல் மனிதர்களுடையதைவிடப் பல மடங்கு மெல்லியது. பெரும்பாலும் உடைவது மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல், அதாவது கன்னத்தை ஒதுக்கினால் பக்கவாட்டில் பெரிதாகத் தெரிவது. அதன் வெளிப்பக்கம் ஓடுபோலப் பெயர்ந்து நரம்பு வெளியே தெரியும். வலி இருந்தாலும் நாய் காட்டிக்கொள்ளாது, மறுபக்கம் மென்று சாப்பிடும். வாரங்கள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குப் பிறகு வேர் சிகிச்சை அல்லது பல்லைப் பிடுங்குவது, இரண்டுக்கும் மயக்க மருந்து தேவை.

ஒரு மேரி பிஸ்கட்டின் விலை

தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் 3 கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறத்தாழ 220 கலோரி போதும். 5 கிலோவுக்கு 330, 8 கிலோவுக்கு 465. ஆக 3 கிலோ பொமரேனியனுக்குத் தின்பண்டக் கணக்கு வெறும் 22 கலோரி. ஒரே ஒரு மேரி பிஸ்கட் கிட்டத்தட்ட 25. காலையில் காபியோடு அப்பா ஒன்று, மாலையில் பாட்டி இரண்டு என்று கொடுத்தால் மூன்று மடங்கு தாண்டியாயிற்று. சின்ன நாய்கள் பெருப்பதற்கு முதல் காரணம் பெட் ஷாப் அல்ல, இந்த பிஸ்கட்தான்.

இதே கணக்கில் மற்றதையும் பாருங்கள். 10 கிராம் கேரட்டில் 4 கலோரி. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 10 கிராமில் 16. தேங்காய்ப் பத்தை 10 கிராமில் 35, அதில் பெரும்பகுதி கொழுப்பு. பனீர் 10 கிராமில் 30 வரும்.

டென்டல் ஸ்டிக்

மாவு, புரதம், கிளிசரின் கலந்து அச்சில் வார்த்தவை இவை. நல்லதாக இருந்தால் வளைத்தால் வளையும், நகம் பதியும். பல் உள்ளே அமிழ்ந்து வெளியே வரும்போது பக்கங்களைத் தேய்த்துவிடுவதுதான் இதன் வேலை. அதனால் மென்றால் மட்டுமே பலன். இரண்டு கடியில் விழுங்கிவிட்டால் அது வெறும் கலோரி. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இடது கடைவாயில் ஒரு நிமிடம், வலது கடைவாயில் ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் காசுக்கு வேலை நடக்கும்.

பொட்டலத்தில் "பற்களைச் சுத்தம் செய்யும்" என்று எவரும் அச்சிடலாம். 1997 முதல் அமெரிக்காவில் இயங்கும் வி.ஓ.எச்.சி. என்ற வாய்நல அமைப்பு, சோதனை முடிவுகளைப் பார்த்த பிறகே முத்திரை தருகிறது. அந்த முத்திரை உள்ளதையும் இல்லாததையும் ஒரே விலையில் வைத்திருந்தால் முத்திரை உள்ளதை எடுங்கள். கிரீனிஸ் என்ற டென்டல் ஸ்டிக் அந்தப் பட்டியலில் உள்ளது. அது உணவுக்குழாயில் சிக்குகிறது என்று புகார்கள் எழுந்து, 2006இல் எளிதில் கரையும்படி மாற்றிச் செய்தார்கள். அதன் மிகச் சிறிய அளவு 2.3 முதல் 7 கிலோ நாய்க்கு. 2.3 கிலோவுக்குக் கீழே உள்ள நாய்க்கும் 6 மாதம் ஆகாத குட்டிக்கும் வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பொமரேனியன், சிவாவா வளர்க்கும் பலர் கவனிக்காத வரி இது. எந்த நிறுவனமாக இருந்தாலும் எடைக் கட்டத்தைப் பார்த்து வாங்குங்கள், நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் இருந்தாலும் நாய்க்கான பேஸ்ட்டை வைத்துத் தினமும் பல் துலக்குவதற்கு எந்த ஸ்டிக்கும் ஈடாகாது. மனிதர்களின் பேஸ்ட் கூடாது.

ராஹைட்டும் மஞ்சி ஸ்டிக்கும்

கடை வாசலில் தொங்கும் வெள்ளை முடிச்சு எலும்பு எலும்பே அல்ல. மாட்டுத்தோலின் உள்ளடுக்கைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, சுருட்டிக் காயவைத்தது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒன்றை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் உப்பி, வழவழவென்று வெள்ளைத் தாளாகப் பிரிந்து கிடக்கும். பிய்த்துப் பார்த்தால் கையால் பிய்யாது. விழுங்கிய துண்டு வயிற்றில் மெதுவாகத்தான் கரையும், பெரிய துண்டாக இருந்தால் குடலுக்குள் போய் நின்றுவிடும்.

சின்ன நாய்க்கு இதில் தனி ஆபத்து அந்த முடிச்சு. நடுத்தண்டை மென்று தீர்த்த பிறகு இரண்டு முனையிலும் எச்சில் ஊறிய வழுக்கும் உருண்டை மிஞ்சும். 4 கிலோ நாயின் தொண்டையை அடைக்கச் சரியான அளவு அது. உணவுக்குழாயில் இறங்கினாலும் மார்புக்கூட்டின் நுழைவாயில், இதயத்தின் அடிப்பகுதி, உதரவிதானத்துக்குச் சற்று முன் என்று மூன்று இடங்களில் வழி குறுகுவதால் அங்கே சிக்கும்.

சிவப்பு, பச்சை, பழுப்பு நிறத்தில் கட்டுக்கட்டாக விற்கும் மஞ்சி ஸ்டிக்குகள், ராஹைட் தூளையும் மாவையும் சேர்த்து அழுத்தியவை. எளிதில் நொறுங்குவதால் முடிச்சு எலும்பைவிட அடைப்புக் குறைவு. ஆனால் பல்லுக்குப் பலன் எதுவும் இல்லை, நாலைந்து தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. சிவப்பு நிறம் படுக்கைவிரிப்பிலும் ஒட்டும், மலத்திலும் வந்து ரத்தம் என்று பதறவைக்கும். விலை மலிவு என்பதைத் தவிர இதை வாங்க வேறு காரணம் தெரியவில்லை.

சுர்பி

இமயமலைப் பகுதியில் யாக், பசுவின் பாலைத் திரித்து, அழுத்தி, வாரக்கணக்கில் காயவைக்கும் கட்டிப் பாலாடை இது. புரதம் அதிகம், நாற்றம் இல்லை, கறை படியாது. சைவ வீடுகளில் இதற்கு மவுசு வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நகச் சோதனையில் சுர்பி தோற்றுவிடும். பொறுமையாக நக்கி, முனையை எச்சிலில் ஊறவைத்துச் சுரண்டும் நாய்க்கு இது நாட்கணக்கில் வரும். கடைவாயில் வைத்து வெடுக்கென்று கடிக்கிற நாய்க்குப் பல் போகும்.

கொடுப்பதென்றால் கட்டியாகக் கொடுக்காமல் பொரித்துக் கொடுக்கலாம். 2, 3 சென்டிமீட்டர் துண்டைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மைக்ரோவேவில் 30 முதல் 45 விநாடி வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், உப்பத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், விட்டால் கருகும். மேலே ஆறியது போல இருந்தாலும் உள்ளே கொதிக்கும், அதனால் 10 நிமிடமாவது ஆறவிட்டு, உடைத்து உள்ளே தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மொறுமொறுவென்று நொறுங்கும் இந்த வடிவம் பல்லுக்கு ஆபத்தில்லை. கடைசியில் மிஞ்சும் துண்டுகளையும் இப்படியே தீர்த்துவிடலாம்.

மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கடின நைலான் எலும்பு மூன்றும் சுர்பியைவிட மோசம், அவற்றை இளக்கவும் வழியில்லை. கயிற்றுப் பொம்மையைக் கூடவே இருந்து விளையாட மட்டும் பயன்படுத்துங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

காய்ந்த இறைச்சி வகைகள்

புல்லி ஸ்டிக் என்பது காளையின் ஆண்குறியைக் காயவைத்தது. பெயரைக் கேட்டு முகம் சுளித்தாலும் ராஹைட்டைவிட நன்றாகச் செரிக்கும், சுர்பி அளவுக்குக் கடினமும் இல்லை. குறை அதன் கலோரியில். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 26 ஸ்டிக்குகளைச் சோதித்தபோது அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி இருந்தது. சிலவற்றில் நோய்க்கிருமிகளும் இருந்தன. 6 அங்குல ஸ்டிக் ஒன்று 130 கலோரி வரை போகலாம், அதாவது 3 கிலோ நாயின் பாதி நாள் சாப்பாட்டுக்கு மேல். 10 நிமிடம் கொடுத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தொடரலாம். கொடுத்த பின் கை கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் வெளியே வைத்த பாக்கெட்டில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முழுசாக வீசிவிடுங்கள்.

பன்றிக் காது அதைவிடக் கொழுப்பு. 2019இல் அமெரிக்காவில் பன்றிக் காது வழியாகப் பரவிய சால்மொனெல்லா, நாய்களை விட்டு 154 மனிதர்களைப் படுக்கவைத்தது.

கோழி ஜெர்கிக்கும், அதாவது காயவைத்த கோழிக்கறிச் சீவலுக்கும், ஒரு வரலாறு உண்டு. 2007 முதல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு வந்த புகார்களில் 6,200க்கும் மேற்பட்ட நாய்கள் நோய்ப்பட்டன. பெரும்பாலான சரக்கு சீனாவில் தயாரானது. சில நாய்களுக்கு ஃபான்கோனி எனும் சிறுநீரகக் கோளாறு வந்தது: ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்க, சிறுநீரில் மட்டும் சர்க்கரை போகும். காரணத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெர்கி தின்னும் நாய் திடீரென்று அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் போனால், உடனே நிறுத்திவிட்டுச் சிறுநீரைச் சோதியுங்கள். வீட்டில் செய்வதானால் கோழியை முதலில் நன்றாக வேகவைத்து, பிறகு காயவையுங்கள். பச்சையாகக் காயவைத்தால் கிருமி சாகாது. உண்மையில் காயவைக்கவே தேவையில்லை. உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழி, ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், எந்த ஜெர்கியையும்விட நாய்க்குப் பிடிக்கும்.

பிரியாணி எலும்பு பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். மட்டன் நல்லி வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு கோரைப் பல்லுக்குப் பின்னால் இறங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எலும்போடு ஒட்டிய மசாலாவில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

அடுப்படியில் இருப்பவை

கேரட்டை வட்டமாக நறுக்காதீர்கள். அந்த வில்லை சின்ன நாயின் மூச்சுக்குழலை மூடும் அளவு. நீளவாக்கில் விரல் நீளக் குச்சிகளாக நறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். பல் முளைக்கும் குட்டிகளுக்குக் குளிர்ந்த கேரட் ஈறுக்கு இதமாக இருக்கும். விழுங்குகிற நாய்க்குப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுங்கள். உப்பில்லாமல் அவித்த பீன்ஸ், வெள்ளரி, மஞ்சள் பூசணி, விதை நீக்கிய தர்பூசணி, கொட்டை நீக்கிய ஆப்பிள் எல்லாம் சரி.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு ராஹைட்டுக்கு நல்ல மாற்று. நீளவாக்கில் 6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, 120 டிகிரி ஓவனில் இரண்டரை முதல் 3 மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பி, தோல்போல வளையும் பதத்தில் எடுங்கள். அதிகம் காய்ந்தால் கண்ணாடிபோல் உடைந்து ஈறைக் குத்தும். குறைவாகக் காய்ந்தால் மூன்றாம் நாள் பூஞ்சை. மொட்டைமாடியில் காயவைத்தால் ஈயும் எறும்பும் முந்திக்கொள்ளும். தண்ணீர் போனதும் கலோரி சுருங்கிச் சேர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்: காய்ந்த 10 கிராமில் கிட்டத்தட்ட 28.

கூடாதவற்றில் நம் வீட்டுக்கே உரியவை சில. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்தது பதிவாகியுள்ளது. கருவாட்டில் உப்பு மிக அதிகம். மாங்கொட்டையும் மக்காச்சோளத் தண்டும் குடலில் அடைக்கும். பீனட் பட்டர் வாங்கினால் பாட்டிலின் பின்பக்கத்தில், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற பெயர் அல்லது அதன் 967 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே நாயின் ரத்தச் சர்க்கரையை வீழ்த்தும். 3 கிலோ நாய்க்கு அது 0.3 கிராம்தான், சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஒன்றிரண்டில் இருந்துவிடலாம்.

ரப்பர் பொம்மை

காங் போன்ற குழிவான ரப்பர் பொம்மையே சின்ன நாய்க்கு மிகப் பாதுகாப்பானது. பொம்மையில் தின்ன எதுவும் இல்லாததால், அன்றைய சாப்பாட்டில் ஒரு பங்கையே உள்ளே வைக்கலாம். கூடுதல் கலோரி இல்லை. வாங்கும்போது இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா பாருங்கள். ஒரே துளை என்றால் உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு மாட்டிக்கொள்ளும். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

உலர் உணவை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, ஒரு டீஸ்பூன் தயிரோ மசித்த பூசணியோ சேர்த்து அடையுங்கள். முதல் சில நாள் தளர்வாக அடைத்துக் கொடுங்கள். எடுக்கவே வரவில்லை என்றால் நாய் அலுத்து விட்டுவிடும். பழகிய பின் ஃபிரீசரில் 4 மணி நேரம் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரமாவது ஓடும். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் விடாதீர்கள், தயிர் புளித்துவிடும். பாட்டில் பிரஷால் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். ரப்பரில் துணுக்கு பெயர்ந்திருந்தால் அன்றோடு சரி.

பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மெல்லும்போதே மூச்சு வாங்கும். குழாய் வடிவப் பொம்மையைவிட, சாப்பாட்டைத் தடவிக் கொடுக்கும் நக்கும் பாய் அவற்றுக்கு எளிது. மினியேச்சர் ஷ்னாசருக்குக் கணைய அழற்சி எளிதில் வரும், கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் உள்ள எதுவும் வேண்டாம். பல் ஆடும் கிழ நாய்க்கு மெல்லக் கொடுக்கும் முன் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள். ஈறு முற்றிக் கெட்ட சின்ன நாய்க்குத் தாடை எலும்பே மெலிந்திருக்கும், கடினமாகக் கடித்தால் தாடை முறியும்.

சிக்கிக்கொண்டால்

புதிதாக எதைக் கொடுத்தாலும் முதல் நாள் கால் பங்கு, அதுவும் நீங்கள் வெளியே கிளம்பும் நேரத்தில் அல்ல. மூச்சுத் திணறி ஈறு நீலமானால் வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாததைத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். பின்னங்கால்களைத் தூக்கித் தலை கீழாகப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் நாலைந்து தட்டு தட்டுங்கள். வரவில்லை என்றால் விலாவுக்குக் கீழே மேல்நோக்கி விரைவாக அழுத்துங்கள். வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மூச்சு சரியாக இருந்தும் எச்சில் ஒழுக, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்து, குடித்த தண்ணீரை அப்படியே வெளியே விட்டால் உணவுக்குழாயில் சிக்கியிருக்கிறது. மறுநாள் தொடர்ந்து வாந்தி, சாப்பாடு வேண்டாம், மலம் இல்லை என்றால் குடலில். இரண்டிலும் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, சோற்று உருண்டை கொடுத்துத் தள்ளிவிடப் பார்ப்பது போன்ற வீட்டு வைத்தியம் நிலைமையைக் கெடுக்கும். போகும்போது பொட்டலத்தையும், மிஞ்சிய துண்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ராஹைட், கேரட் போன்றவை எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. மிச்சத் துண்டைப் பார்த்தால்தான் உள்ளே போனது எவ்வளவு பெரிது, குழாய்க் கேமரா விட்டு எடுத்துவிடலாமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா என்பதை டாக்டர் சீக்கிரம் முடிவு செய்ய முடியும்.